இரண்டு மடங்கு என்றால், எவ்வளவுக்கு?

செய்தித்தாள்களில் வரும் மருத்துவச் செய்திகளில் ஒரு வாக்கிய வகை உண்டு. "இந்த மாத்திரை நோய் முற்றும் அபாயத்தை 26 சதவீதம் குறைக்கிறது", "இதைச் சாப்பிட்டால் மாரடைப்பு வாய்ப்பு 29 சதவீதம் அதிகம்". பி.காம். படிக்கிறவனுக்கு இதைப் பார்த்ததும் வரும் முதல் கேள்வி: எவ்வளவில் 26 சதவீதம்? எத்தனை நாளைக்கு? ஒரு ஃபைனான்ஸ்காரர் "பக்கத்துக் கடையை விட எங்களிடம் வட்டி கால்வாசி குறைவு" என்று மட்டும் சொல்லிவிட்டு, வட்டி எவ்வளவு, எத்தனை மாதத் தவணை என்று வாயே திறக்காமல் பத்திரத்தை நீட்டினால் கையெழுத்துப் போடுவோமா? மருத்துவ ஆய்வுகளில் மட்டும் ஐம்பது வருடமாகப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

அந்த ஒற்றை எண்ணுக்குப் பதிலாக (அல்லது அதோடு சேர்த்து) காலப்போக்கில் ஆபத்து எப்படி ஏறி இறங்குகிறது என்று முழு வளைகோட்டையே காட்டும் ஒரு முறை 2002-லேயே வந்துவிட்டது. ஃப்ளெக்சிபிள் பாராமெட்ரிக் மாடல் என்று பெயர். தமிழில் "வளையும் மாதிரி" என்று வைத்துக்கொள்வோம். இதைப் பொதுச் சுகாதார ஆய்வுகளில் விருந்தாளி போல் அல்லாமல் வீட்டு ஆள் போல் நடத்த வேண்டும் என்பது என் கட்சி. கூடவே, இதே முறையை வைத்து நம் தலையில் மிளகாய் அரைக்கவும் முடியும். அதையும் சொல்கிறேன்.

"காமர்ஸ் பையனுக்கு இங்கே என்ன வேலை?" என்று கேட்பவர்களுக்கு: இந்தத் துறையையே ஆரம்பித்து வைத்தது எங்க ஆளுங்கதான் :-) லண்டனில் ஜவுளி வியாபாரம் பார்த்த ஜான் கிரான்ட் என்பவர், 1662-இல் ஊரின் சாவுக் கணக்கு ஏடுகளை வைத்துக்கொண்டு, 100 பேர் கருவாகி உருவானால் 6 வயதில் 64 பேர், 16 வயதில் 40 பேர், 76 வயதில் ஒரே ஒருவர் இருப்பார் என்று அட்டவணை போட்டார். ஊகமும் கலந்த கணக்குதான். ஆனாலும் "எத்தனை பேர் செத்தார்கள்" என்ற கேள்வியை "எத்தனை பேர் இன்னும் மிச்சம்" என்று திருப்பிப் போட்டது அவர் சாமர்த்தியம். 1693-இல் வால்நட்சத்திரப் புகழ் எட்மண்ட் ஹாலி, பிரெஸ்லாவ் நகரத்துக் கணக்கை வைத்து ஆயுள் அட்டவணை போட்டு, ஆண்டுத்தொகைக்கு என்ன விலை வைக்கலாம் என்று கணக்கிட்டார். 1825-இல் பெஞ்சமின் கோம்பெர்ட்ஸ் வயது ஏற ஏற இறப்பு வேகம் கூட்டுவட்டி மாதிரிப் பெருகுகிறது என்று எழுதினார். அவர் இன்ஷூரன்ஸ் கணக்காளர். எங்கள் காப்பீட்டுப் பாடத்தில் ஆயுள் அட்டவணை வந்தது. அங்கிருந்து நூல் பிடித்துக்கொண்டு போய்த்தான் நானும் இங்கே வந்து சேர்ந்தேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

மளிகைக் கடை கடன் நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். நூறு பேர் கடன் வாங்கியிருக்கிறார்கள். மார்ச் 31 அன்று கணக்கு முடிக்கிறோம். அறுபது பேர் கட்டிவிட்டார்கள். முப்பது பேர் இன்னும் கட்டவில்லை. பத்துப் பேர் வீடு மாற்றிப் போய்விட்டார்கள், கட்டுவார்களா என்றே தெரியாது. "சராசரியாகக் கடன் எத்தனை நாளில் திரும்புகிறது?" என்று முதலாளி கேட்டால், கட்டிய அறுபது பேரை மட்டும் வைத்துச் சொல்வது தப்பு. கட்டாதவர்களும் ஒரு தகவல் தருகிறார்கள், "இத்தனை நாள் வரை கட்டவில்லை" என்று. நோயாளிகளின் கணக்கும் இப்படித்தான். ஆய்வு முடியும்போது பலர் நல்லபடியாக உயிரோடு இருப்பார்கள், சிலர் நடுவில் காணாமல் போயிருப்பார்கள். இந்த அரைகுறைத் தகவலை வீணாக்காமல் வளைகோடு வரையும் வழியை 1958-இல் எட்வர்ட் கப்லானும் பால் மெயரும் கொடுத்தார்கள். படிக்கட்டு மாதிரி இறங்கும் அந்தக் கிராஃபைப் பார்க்காத மருத்துவ மாணவர் இருக்க முடியாது.

அடுத்தது ஹசார்ட். இந்த நிமிடம் வரை தாக்குப்பிடித்த ஒருவருக்கு, அடுத்த கணத்தில் அந்தச் சம்பவம் நடக்கும் வேகம். பாடப்புத்தகங்கள் இந்த இடத்தில் ஒரு லிமிட் போட்டுப் பயமுறுத்தும். நம் கிளாஸ்காரர்களுக்கு அது தேவையே இல்லை. ஹசார்ட் என்பது தொடர்கூட்டு வட்டி வீதம், அவ்வளவுதான். எதிர்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்குத் தள்ளுபடி செய்யும் சூத்திரமும், ஆரம்பத்தில் இருந்த நூறு பேரில் இன்னும் எத்தனை பேர் மிச்சம் என்று சொல்லும் சூத்திரமும் ஒன்றேதான். ஆண்டுக்கு 0.20 என்ற வீதம் மூன்று ஆண்டு மாறாமல் இருந்தால், 100 பேரில் சுமார் 55 பேர் மிச்சம். கால்குலேட்டரில் மைனஸ் 0.6-க்கு எக்ஸ்பொனென்ஷியல் போட்டுப் பாருங்கள். வட்டி வீதம் காலத்துக்குக் காலம் மாறுவது போல ஹசார்டும் மாறும். அறுவை சிகிச்சை முடிந்த முதல் வாரம் அதிகம், பிறகு குறையும், பல வருடம் கழித்து வயதின் காரணமாக மறுபடி ஏறும்.

1972-இல் டேவிட் காக்ஸ் ஒரு கட்டுரை எழுதினார். அதன் அழகு என்னவென்றால், அடிப்படை வட்டி வீதம் என்னவென்றே தெரிந்துகொள்ளாமல், "மருந்து எடுத்தவருக்கும் எடுக்காதவருக்கும் இடையே எத்தனை மடங்கு" என்பதை மட்டும் மதிப்பிட்டுவிடலாம். அந்த மடங்குக்குப் பெயர் ஹசார்ட் ரேஷியோ. உலகத்தில் அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட புள்ளியியல் கட்டுரைகளில் அதுவும் ஒன்று. பெருமைக்குரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதோடு ஒரு பழக்கமும் ஒட்டிக்கொண்டது: மடங்கைச் சொல்லு, மற்றதை விடு.

மடங்கு மட்டும் போதுமா? இரண்டு பேருக்கும் ஹசார்ட் "இரண்டு மடங்கு" ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு 0.001-லிருந்து 0.002. ஓராண்டு முடிவில் பிழைத்திருப்பவர் 99.9 சதவீதத்திலிருந்து 99.8-க்கு இறங்கும். இன்னொருவருக்கு 0.2-லிருந்து 0.4. 82 சதவீதத்திலிருந்து 67-க்கு இறங்கும். முதலாமவர் கவலைப்படாமல் தூங்கலாம். இரண்டாமவர் வீட்டில் உயில் பற்றிப் பேச்சு வரும். ஆய்வறிக்கையில் இரண்டுக்கும் ஒரே எண்: 2.

இன்னொரு சிக்கல், அந்த மடங்கு முதல் நாள் முதல் கடைசி நாள் வரை மாறாது என்ற அனுமானம். அமெரிக்காவில் 50 முதல் 79 வயதுள்ள 16,608 பெண்களிடம் ஹார்மோன் மாத்திரைச் சோதனை ஒன்று நடந்தது. மாதவிடாய் நின்ற பிறகு இதயத்தைக் காக்கும் என்று நம்பி லட்சக்கணக்கானோர் எடுத்துக்கொண்டிருந்த மாத்திரை. 2002 ஜூலையில் சோதனையைப் பாதியில் நிறுத்தினார்கள். அப்போது வெளியான எண் 1.29. உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி, "29 சதவீதம் அதிகம்". அதே அறிக்கையில் இருந்த இன்னொரு எண்: 10,000 பெண்களை ஓராண்டு கவனித்தால், மாத்திரை இல்லாதவர்களில் 30 பேருக்கும் எடுத்தவர்களில் 37 பேருக்கும் இதயநோய்ச் சம்பவம். அதாவது பத்தாயிரத்துக்கு 7 பேர் கூடுதல். இரண்டும் உண்மை. எது பயமுறுத்தியது, எது ஒரு பெண் முடிவெடுக்க உதவும் என்று யோசித்துப் பாருங்கள்.

2003-இல் அதே சோதனையின் விரிவான கணக்கு வந்தது. மொத்தத்தில் 1.24. ஆனால் வருடவாரியாகப் பிரித்தால் முதல் வருடம் 1.81, ஆறாம் வருடத்துக்குப் பிறகு 0.70! சராசரி 1.24 என்பது எந்த வருடத்துக்குச் சொந்தம்? சரியாகச் சொன்னால் எதற்குமே இல்லை. சோதனையை இரண்டு வருடத்தில் நிறுத்தியிருந்தால் ஒரு எண் வந்திருக்கும், பத்து வருடம் நடத்தியிருந்தால் வேறு எண். மிகுவேல் எர்னான் என்ற தொற்றுநோயியல் பேராசிரியர் 2010-இல் இதை வைத்தே ஹசார்ட் ரேஷியோவின் ஆபத்துகளைப் பற்றி எழுதினார். இங்கே ஒரு கண்ணியும் உண்டு. 0.70-ஐப் பார்த்து "ஆறு வருடம் தாண்டினால் மாத்திரை நல்லது" என்று கிளம்பிவிடக் கூடாது. மாத்திரை எளிதில் தாக்கக்கூடிய பெண்கள் ஆரம்ப வருடங்களிலேயே பாதிக்கப்பட்டுக் கணக்கிலிருந்து விலகிவிட்டார்கள். மிச்சமிருப்பவர்கள் கெட்டியானவர்கள். கட்டாத ஆட்களையெல்லாம் விரட்டிவிட்டு "இப்போது எங்கள் வாராக்கடன் குறைவு" என்று ஒரு சிட் ஃபண்டு பீற்றிக்கொள்வது போல!

இதைவிட என்னைத் தூக்கிவாரிப்போட்ட சோதனை 2009-இல் வெளியானது. கிழக்கு ஆசியாவில் 1,217 நுரையீரல் புற்றுநோயாளிகள். ஜெஃபிட்டினிப் என்ற மாத்திரையா, வழக்கமான கீமோவா? ஹசார்ட் ரேஷியோ 0.74. செய்தித்தாள் மொழியில் 26 சதவீத லாபம். ஆனால் வளைகோட்டைப் பார்த்தால், முதல் ஆறு மாதம் போலக் கீமோ மேலே இருக்கிறது, பிறகு இரண்டு கோடுகளும் குறுக்கே வெட்டிக்கொண்டு மாத்திரை மேலே போகிறது. கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் "மாறாத மடங்கு" என்ற பேச்சுக்கே அர்த்தமில்லை. காரணம் என்னவென்று பார்த்தால், உள்ளே இரண்டு கூட்டம். இ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவில் மாற்றம் உள்ளவர்களுக்கு 0.48, பெரிய லாபம். மாற்றம் இல்லாதவர்களுக்கு 2.85, அதாவது பெரிய நஷ்டம். 0.74 என்ற சராசரியை மட்டும் நம்பி எல்லோருக்கும் மாத்திரை கொடுத்திருந்தால், இரண்டாவது கூட்டத்தின் நிலைமை என்ன? மரபணுவைக் கண்டுபிடித்தது உயிரியல்தான், புள்ளியியல் மாடல் இல்லை. ஆனால் "இங்கே ஏதோ ஒளிந்திருக்கிறது" என்று கூவியது வளைகோட்டின் வடிவம்.

இப்போது வளையும் மாதிரிக்கு வருவோம். பழைய பாராமெட்ரிக் மாடல்கள் வளைகோட்டுக்கு முன்கூட்டியே ஒரு வடிவம் தைத்து வைத்திருக்கும். வீபுல் என்பது பிரபலமானது. ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர் ஒருவரின் பெயர். உலோகம் எப்போது உடையும் என்பதற்குச் செய்தது. அதில் ஹசார்ட் ஒன்று ஏறிக்கொண்டே இருக்கும், அல்லது இறங்கிக்கொண்டே இருக்கும், அல்லது அப்படியே நிற்கும். ஏறி இறங்க அனுமதி இல்லை. ரெடிமேட் சட்டை மாதிரி, தோள் சரியாக இருந்தால் கை நீளமாக இருக்கும். காக்ஸ் முறையோ சட்டையே வேண்டாம் என்று விட்டுவிட்டது.

2002-இல் பேட்ரிக் ராய்ஸ்டனும் மகேஷ் பார்மரும் நடுவழி ஒன்று பிடித்தார்கள். அதுவரை சேர்ந்த மொத்த ஹசார்டின் லாகரிதத்தை, காலத்தின் லாகரிதத்துக்கு எதிரே வரைந்தால், வீபுல் மாடல் ஒரு நேர்கோடாக வரும். அந்த நேர்கோட்டை அங்கங்கே கொஞ்சம் வளைய அனுமதித்தால் என்ன? இதுதான் யோசனை. வளைப்பதற்குப் பயன்படுவது ஸ்ப்ளைன். முன்னாளில் கப்பல் வரைபடம் வரைபவர்கள் மெல்லிய மரப்பட்டையை எடைக்கற்கள் வைத்து வளைத்துக் கோடு இழுப்பார்கள், அதன் பெயர்தான் இது. எடைக்கல் வைக்கும் இடம் "முடிச்சு". பொதுவாக இரண்டு முனைகளிலும் ஒவ்வொன்று, நடுவே சம்பவங்கள் கால்வாசி, அரைவாசி, முக்கால்வாசி நடந்து முடிந்த நேரங்களில் மூன்று. இவ்வளவு போதும், பெரும்பாலான நோய்களின் வடிவம் பிடிபட்டுவிடும். மருந்தின் பலன் காலத்தோடு மாறினால், அதற்கும் தனியாக ஒரு ஸ்ப்ளைன் சேர்க்கலாம். நம் ஆட்களுக்கு இதுவும் புதிதில்லை. கடன்பத்திரங்களின் வட்டி வளைகோட்டுக்கு மெக்கல்லக் என்ற பொருளியலாளர் 1971-லேயே ஸ்ப்ளைன் போட்டுவிட்டார்.

மாடல் முடிந்தவுடன் கையில் என்ன கிடைக்கிறது? எந்த நாளிலும் ஹசார்ட் எவ்வளவு, ஐந்து வருடத்தில் நூற்றுக்கு எத்தனை பேர் பிழைப்பார்கள், மருந்தால் சராசரியாக எத்தனை மாதம் கூடுதல்... எல்லாம் வழவழப்பான கோடாக, பிழை எல்லையோடு. நோயாளியின் மகனோ மகளோ டாக்டரிடம் கேட்பது இவைதானே? "அப்பாவோட ஹசார்ட் ரேஷியோ என்ன சார்?" என்று யாரும் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை.

காக்ஸ் கட்சிக்காரர்கள் உடனே பாய்வார்கள். காக்ஸ் முறையிலும் அடிப்படை ஹசார்டைப் பிறகு கணக்கிடலாம், காலத்தோடு மாறும் மடங்கையும் சேர்க்கலாம். உண்மைதான். முடியும். ஆனால் செய்கிறார்களா? கருவி எதை எளிதாக்குகிறதோ, அதைத்தான் பழக்கம் செய்யும். அது மட்டுமில்லை, காக்ஸ் அவர்களே 1994-இல் வெளியான ஒரு பேட்டியில், தனக்கு வழக்கமாகப் பாராமெட்ரிக் முறையில் அணுகுவதுதான் பிடிக்கும், வீபுல் போல ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்வேன் என்று சொல்லியிருக்கிறார். பக்தர்கள்தான் சாமியை விடத் தீவிரம்.

ஹசார்டின் வடிவம் தெரிந்தால் காசை எங்கே போடுவது என்று தெரியும். நம் ஊர் உதாரணமே இருக்கிறது. காசநோய் சிகிச்சை பொதுவாக ஆறு மாதம். ஆனால் இறப்புகளில் பெரும்பங்கு சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதங்களுக்குள் நடக்கிறது. நோய் கண்டுபிடிக்கத் தாமதமானவர்கள், எலும்பும் தோலுமாக வருபவர்கள். "ஆறு மாதத்தில் இத்தனை சதவீதம் இறப்பு" என்று எழுதினால், ஆறு மாதமும் ஒரே அளவு கவனம் போதும் என்று தோன்றும். ஹசார்ட் முதல் வாரங்களில் மலை மாதிரி எழுந்து பிறகு சரிகிறது என்று தெரிந்தால், செய்ய வேண்டியது வேறு. தமிழ்நாடு அரசு 2022-இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம் அதைத்தான் செய்கிறது. நோய் உறுதியானவுடனே உயரத்துக்கேற்ற எடை, கால் வீக்கம், மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா என்று பார்த்து, ஆபத்தில் இருப்பவர்களை உடனே மருத்துவமனையில் சேர்ப்பது. இதற்கு ஸ்ப்ளைன் தேவைப்படவில்லை, அனுபவமுள்ள களப்பணியாளர்களுக்கே தெரியும். ஆனால் எல்லா நோய்க்கும் அப்படிக் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இனி மிளகாய் அரைக்கும் பகுதி.

பாராமெட்ரிக் மாடல் இருந்தால் டேட்டா முடிந்த இடத்துக்கு அப்பாலும் கோட்டை நீட்டலாம். இது நல்லதற்கும் பயன்பட்டிருக்கிறது. சி.எம்.எல். என்ற ரத்தப் புற்றுநோய்க்கு 2001-இல் இமாட்டினிப் வந்தது. ஸ்வீடனில் 1973 முதல் 2013 வரை பதிவான 2,662 நோயாளிகளின் கணக்கை வளையும் மாதிரியில் போட்டு 2016-இல் வெளியிட்டார்கள். 2013-இல் நோய் கண்டறியப்பட்டவர் அதனால் இழக்கும் ஆயுள் சராசரியாக மூன்று வருடத்துக்கும் குறைவு. அவர்களில் பெரும்பாலோர் இன்னும் உயிரோடு இருக்கும்போதே இதைச் சொல்ல முடிந்தது கோட்டை நீட்டியதால்தான். அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு நீட்டவில்லை. நாட்டு மக்கள் எல்லோருக்கும் பொதுவான இறப்பை ஆயுள் அட்டவணையிலிருந்து எடுத்துக்கொண்டு, நோயால் வரும் கூடுதல் ஹசார்டை மட்டும் நீட்டினார்கள். அது நம்பகமான வழி. (இதே இமாட்டினிப்தான் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் 2006-இல் மறுக்கப்பட்டு, மெட்ராஸ் ஹைகோர்ட் வழியாக 2013 ஏப்ரல் 1-இல் சுப்ரீம் கோர்ட்டில் முடிந்த வழக்கின் நாயகன். அப்போது கம்பெனி மருந்து மாதம் சுமார் 1.2 லட்சம், இந்தியத் தயாரிப்பு 10,000 ரூபாய்க்குள். ஆயுள் கணக்குக்கும் விலைக்கும் உள்ள சொந்தம் புரிகிறதா?)

கெட்டதற்கும் நீட்டலாம். மூன்று வருடம் மட்டுமே கவனித்த ஒரு மருந்து. அதன் பிறகு மிச்சமிருப்பவர்களின் ஹசார்ட் ஆண்டுக்கு 0.20 என்றே நின்றால், அவர்கள் சராசரியாக இன்னும் 5 வருடம் இருப்பார்கள். 0.10-க்கு இறங்கிவிடும் என்று அனுமானித்தால் 10 வருடம். கையில் உள்ள மூன்று வருட டேட்டாவோடு இரண்டுமே ஒத்துப்போகலாம். பலன் இரட்டிப்பானால் "நியாயமான" விலையும் தாராளமாக ஏறும். ஸ்ப்ளைன் மாடல் கடைசி முடிச்சைத் தாண்டினால் மறுபடி நேர்கோடுதான். உள்ளே எவ்வளவு அழகாக வளைந்ததோ அதற்கும் வெளியே போவதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் உள்ளே கச்சிதமாகப் பொருந்துவதைப் பார்த்துவிட்ட கண், வெளியேயும் நம்பிவிடுகிறது. இங்கிலாந்தில் மருந்து விலைக்குத் தீர்ப்புச் சொல்லும் நைஸ் அமைப்புக்காக 2011-லும் 2020-லும் இதற்கென்றே வழிகாட்டி எழுத வேண்டியிருந்தது. இந்தியாவிலும் 2017 முதல் மத்திய சுகாதார ஆராய்ச்சித் துறையின் கீழ் மருத்துவத் தொழில்நுட்ப மதிப்பீட்டு அமைப்பு இருக்கிறது. எந்தச் சிகிச்சைக்கு அரசுப் பணம் என்பதில் இந்த வகைக் கணக்குகள் வரத்தான் போகின்றன.

ஆகவே என் கோரிக்கை மிகவும் சாதாரணமானது. கம்பெனி பேலன்ஸ் ஷீட்டில் அனுமானங்களைக் குறிப்பில் சொல்ல வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்துகிறதே, அதே மாதிரி. டேட்டா இருக்கும் வரை கோடு கெட்டியாக, நீட்டிய பகுதி புள்ளிக்கோடாக. முடிச்சு எத்தனை, எங்கே என்று எழுத வேண்டும். இரண்டு மூன்று அனுமானங்களில் நீட்டிக் காட்ட வேண்டும். ஹசார்ட் ரேஷியோ கொடுக்கும் ஒவ்வொரு கட்டுரையும் பக்கத்திலேயே "நூறு பேரில், இத்தனை வருடத்தில், இத்தனை பேர்" என்று ஒரு வரி கொடுக்க வேண்டும்.

செலவு ஒன்றும் கிடையாது. ஸ்டேட்டா வைத்திருப்பவர்களுக்கு அதற்கான நிரல் 2009-லிருந்தே ஒழுங்காக இருக்கிறது. காசில்லாத நம் போன்றவர்களுக்கு ஆர் மென்பொருளில் ஃப்ளெக்ஸ்சர்வ் என்ற இலவசப் பொதி உண்டு. ஹாஸ்டல் லேப்டாப்பே போதும். அதில் கூடவே வரும் மார்பகப் புற்றுநோய் டேட்டாவை எடுத்து, முடிச்சு ஒன்று, மூன்று, ஐந்து என்று மாற்றிப் போட்டு, உள்ளே கோடுகள் எவ்வளவு ஒட்டிப்போகின்றன, பத்து வருடத்துக்கு நீட்டினால் எவ்வளவு விலகுகின்றன என்று நீங்களே பாருங்கள். புள்ளியியல் துறை நண்பர்கள் யாராவது படித்தால், மூன்று முடிச்சுக்கு மேல் போவது எப்போது தேவை என்று பின்னூட்டத்தில் சொல்லுங்கள். கல்யாண ஜோக் அடிப்பவர்கள் வரிசையில் வரவும் :-)